ஒட்டுப் போட்ட கிடார்

நடந்தது இதுதான்.

1. தரங்கம்பாடியில் ஒரு பழைய வீட்டில் இரண்டு கிடார்கள் விலைக்கு இருப்பதாகத் தஞ்சாவூர் இசைக்கருவிக் கடைக்காரருக்குத் தகவல் வந்தது. அவர் தன் வேனில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்.

2. இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றை முதல் தரம் என்றார். மற்றதை ஒட்டு என்று ஒதுக்கினார்.

3. அவர் சொன்னது அப்படியே தலைகீழ்.

4. ஒதுக்கிய கிடாரை வீட்டுக்காரர் எனக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார். கையில் வாங்கியும் விட்டேன்.

5. அப்படியே வாயை மூடிக்கொண்டு வேனில் ஏறியிருந்தால் அது இன்று என் அறையில் இருக்கும்.

6. வாயை மூடவில்லை.

கேட்பவர்கள் எல்லோரும் ஆறாவதைத்தான் கேட்கிறார்கள். அம்மா கேட்டாள், கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள், கடைக்காரர் தரங்கம்பாடியிலிருந்து தஞ்சாவூர் வரும்வரை வேறு எதையும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே பதிலைத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். வருத்தம் தெரிவிப்பதற்காக அல்ல.

நான் சிவில் இன்ஜினியர். கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. கான்கிரீட் கட்டியை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எந்தப் பாரத்தில் உடைந்தது என்று குறிப்பது என் அன்றாடம். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய கிடார்கள் வாங்குகிறேன். எனக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை எங்கள் வீட்டுக்கு வருபவர்களால் தாங்க முடிவதில்லை. போன தை மாதம் அத்தை வந்திருந்தபோது என் அறையை எட்டிப் பார்த்தாள்.

"ஏய், ஒரு பாட்டு வாசி பாப்போம்."

"தெரியாது அத்தை."

"தெரியாதா? அப்புறம் எதுக்குடி இத்தனை?"

"பாக்குறதுக்கு."

"பாக்குறதுக்கா. எங்க வீட்டுல கூட டிராக்டர் நிக்குது. ஒரு நாளைக்கு வந்து அதையும் பாத்துட்டுப் போயேன்."

என் சித்தப்பா ஓடாத பழைய பைக்குகள் மூன்றை வைக்கோல் போருக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார். ஊர்ப் பயல்கள் வந்து பார்த்து, "செம்ம கலெக்‌ஷன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒன்றையாவது ஓட்டிக் காட்டச் சொல்லி அவரை இதுவரை யாரும் கேட்டதில்லை. இதை நான் அத்தையிடம் சொல்லவும் செய்தேன். அவள் காபியைக் குடித்துவிட்டு, "வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல" என்றாள்.

எனக்கு வேண்டியது பாட்டு இல்லை, மரம். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி தன் கிடார் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அது நொறுங்கிப் போனது. அவள் கட்டிலில் படுத்து அழுதுகொண்டிருந்தாள். நான் ஒரு சில்லை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே பார்த்தால் அழகான, நெருக்கமான ரேகை. உடைந்த விளிம்பில் பார்த்தால் மூன்று அடுக்கு. நடு அடுக்கு மற்ற இரண்டுக்கும் குறுக்காக ஓடியது. மேலே தெரிந்த அழகு முழுவதும் காகிதம்போல ஒட்டிய ஒரு மெல்லிய தோல். "இது முழு மரம் இல்லடி, பிளைவுட்" என்றேன். அவள் தலையணையை என் மேல் விட்டெறிந்தாள். சொன்ன நேரம் தப்புதான். சொன்னது சரி.

அன்றிலிருந்து எந்தக் கிடாரைக் கண்டாலும் முதலில் நடு ஓட்டையின் விளிம்பைத்தான் பார்க்கிறேன். பார்க்கும் முறை ரகசியம் எதுவும் இல்லை. மேல்பலகையில் ஓடும் ரேகைக் கோடுகள் விளிம்புக்கு வந்ததும் அப்படியே மடிந்து, பலகையின் கனத்தில் கீழ்வரை இறங்கினால் முழு மரம். கோடு விளிம்போடு நின்று, கீழே வேறு நிறத்தில் அடுக்கு தெரிந்தால் பிளைவுட். பின்பலகைக்கு ஒரு பல் வைத்தியர் கண்ணாடியும் சின்ன டார்ச்சும் போதும். வெளியே தெரியும் சுழியும் கருங்கோடும் உள்ளேயும் அதே இடத்தில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வெளியில் ஒரு மரம், உள்ளே ஒரு மரம்.

பிளைவுட் மட்டம் என்று நான் சொல்லவில்லை. கடற்காற்றுக்கும் கோடைக்கும் அது லேசில் வெடிக்காது, வளையாது. அது பிளைவுட் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இதை உடனே புரிந்துகொண்டவர் அப்பா ஒருவர்தான். குத்தகைக்கு எடுத்த நிலத்தில் நெல் போடுகிறார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கூடுதல் என்று நெல்லைத் திருப்பி அனுப்பினால் வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார். மரமும் அப்படித்தான், ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும் என்று சொன்னபோது, "அப்ப இதையும் களத்துல காயப்போட்டு அள்ளணுமா?" என்று கேட்டுவிட்டு, விதைநெல் மூட்டைகளை என் அறையிலிருந்து தானே வெளியே தூக்கி வைத்தார். மூட்டை மூச்சுவிடும், ஈரம் கிடாருக்கு ஆகாது என்று அம்மாவுக்கு விளக்கமும் கொடுத்தார்.

இனி கடைக்காரர். அவரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வீணையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் வீணை என்றால் பலாமரம். அதிலும் குடம், தண்டி, தலை எல்லாவற்றையும் ஒரே மரத்திலிருந்து குடைந்து எடுத்தால் அது ஏகாண்ட வீணை. அதற்குத்தான் மரியாதை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. அது படிக்கிற பிள்ளைகளுக்கு. தஞ்சாவூரில் வீணையைத் தொட்டே பார்க்காதவர்களுக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். ஒட்டு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் ஒரு மாதிரி போகும்.

வீணைக்கு இது சரி. கிடாருக்கு இதையே பொருத்தினால் எல்லாம் தலைகீழாகிவிடும். நல்ல கிடாரின் மேல்பலகைக்கு மரத்தை நடுவிலிருந்து பட்டையை நோக்கி அறுக்கிறார்கள். அப்போதுதான் ரேகை நேராக வரும். அப்படி அறுத்த பலகை கிடாரின் பாதி அகலத்துக்குத்தான் காணும். அதனால் அதை நெடுக இரண்டு ஏடாகப் பிளந்து, புத்தகத்தை விரிப்பதுபோல விரித்து, நடுவில் சேர்த்து ஒட்டுகிறார்கள். வலப்பக்கம் இருக்கும் ரேகையெல்லாம் இடப்பக்கம் எதிரொளிபோல இருக்கும். ஆக, முழு மரத்தில் செய்த பழைய கிடாரில் பெரும்பாலும் நடுவில் ஒரு கோடு இருக்கும். பிளைவுட்டில் எவ்வளவு அகலத்துக்கு வேண்டுமானாலும் ஒரே தாளாக உரித்து ஒட்டலாம். அதில் கோடு வேண்டியதில்லை.

கடைக்காரர் கோடு இல்லாததைப் பார்த்தால் "ஒரே மரம்" என்பார். கோடு இருந்தால் "ஒட்டு" என்பார்.

எங்கள் ஏற்பாடு அதில்தான் ஓடியது. பழைய சாமான் இருக்கும் வீடுகளுக்கு அவர் போவார், நான் கூடப் போவேன். முதலில் எடுப்பது அவர். அவர் ஒதுக்கியதில் எனக்கு வேண்டியதை நான் வாங்கிக்கொள்வேன். விற்கிறவர்கள் முன்னால் நான் வாய் திறக்கக் கூடாது, அது அவர் வைத்த ஒரே நிபந்தனை. முதல் தடவையே திரும்பும் வழியில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். விளிம்பைக் காட்டினேன், கண்ணாடியைக் கொடுத்தேன். பிறகும் பல தடவை சொன்னேன். "வீணை ஊருல பொறந்துட்டு ஒட்டு ஒசத்திங்குறியே, இன்ஜினியரம்மா" என்று சிரிப்பார். நான் மறைத்து எதையும் எடுத்ததில்லை. சொன்னேன், அவர் நம்பவில்லை. அவர் நம்பாததற்கு நான் பொறுப்பில்லை.

தரங்கம்பாடி வீடு கடலுக்குப் பக்கத்துத் தெருவில், உயரமான கதவுகளோடு இருந்தது. அண்ணன், தங்கை இருவருக்கும் சொந்தம். அண்ணன் சென்னையிலேயே தங்கிவிட்டவர். வீட்டை விடுதி நடத்துபவர்களுக்கு நீண்ட குத்தகைக்கு விட்டுவிட்டார். தங்கை அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்திலேயே சின்னதாக ஒரு வீடு பார்த்திருந்தார். நாங்கள் போனபோது கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பீங்கான் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். தெருவில் எல்லோரும் அழைப்பதுபோலக் கடைக்காரரும் அவரை "சிஸ்டர்" என்றார்.

அண்ணன் இரண்டு கிடார்களையும் மேசைமேல் வைத்தார். ஒன்று தேன் நிறத்தில் பளபளவென்று, கோடே இல்லாமல். மற்றது பழுப்பேறி, நடுவில் கோட்டோடு. கோடு அடிப்பக்கம் நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

கடைக்காரர் பளபளப்பை எடுத்து விரலால் தட்டினார். "இது சரக்கு. ஒரே மரம். எங்கேயாச்சும் சேர்ப்பு இருக்கா பாருங்க."

"கோயில் பாடகர் குழுவுல நான் வாசிச்சது" என்றார் அண்ணன். "கிறிஸ்துமஸுக்கு முதல் வரிசையில உக்காருவேன்."

"அதான் தெரியுதே. இது?" கடைக்காரர் பழுப்பைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒட்டு சார். ஒட்டும் விட்டுப்போச்சு."

"அதை லைட்டா மாட்டலாம்னு சொல்றாங்க விடுதிக்காரங்க. நடுவுல ஓட்டை இருக்கு பாருங்க, பல்புக்குத் தோதா. பின்னாடி ட்ரில் போட்டா ஒயரு வந்துரும்."

கடைக்காரர் என்னைக் காட்டினார். "லைட்டுக்கு வேற ஏதாச்சும் பாத்துக்கங்க. இந்தப் பொண்ணுகிட்டக் குடுத்துருங்க சார். ஒட்டுன்னா உயிரு அதுக்கு."

"எடுத்துக்கம்மா. காசெல்லாம் வேணாம்" என்றார் அண்ணன்.

நான் எடுத்துக்கொண்டேன். எடுத்ததுமே தெரிந்தது, எடையே இல்லை. விளிம்பில் ரேகை கீழ்வரை இறங்கியது. சாய்த்துப் பிடித்தால் மேல்பலகையில் ரேகைக்குக் குறுக்காகப் பட்டு மாதிரி ஒரு மினுமினுப்பு ஓடியது. குளிர் நாட்டு ஊசியிலை மரத்தைச் சரியாக அறுத்தால் மட்டும் வருவது அது. பின்பலகை ஈட்டி மரம், கருஞ்சிவப்பில் கறுப்புக் கோடு. கண்ணாடியை உள்ளே விட்டேன். அதே கறுப்புக் கோடு உள்ளேயும் அதே இடத்தில் வளைந்தது. என்னிடம் இருக்கும் எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது. லேபிள் இல்லை. செய்தது யார், எந்த ஊர் என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். மரம் எது என்று கேட்டால் சொல்வேன்.

அப்போதுதான் சிஸ்டர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அது என்னோடது."

"உன்னுதுதான், யாரு இல்லைன்னா" என்றார் அண்ணன். "வேணுமா உனக்கு?"

"வேணாம். ஒட்டுதானே." என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஊரை விட்டுப் போன வெளிநாட்டுப் பாதிரி ஐயர் குடும்பம் குடுத்துட்டுப் போச்சும்மா. நானும் கோயில்ல வாசிச்சேன். தஞ்சாவூர்லேருந்து வீணை தெரிஞ்ச ஒருத்தர் குழுவுக்குச் சொல்லிக்குடுக்க வந்தாரு. ரெண்டையும் பாத்துட்டு, இது ஒரே மரம், முன்னாடி வையி, இது ஒட்டு, நாதம் நிக்காதுன்னுட்டாரு. என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பிட்டாங்க. கடைசி வரிசையில இருந்து என்னத்த வாசிக்கிறது. விட்டுட்டேன்."

"சின்ன வயசுக் கதையை இப்ப எதுக்கு" என்றார் அண்ணன்.

"கதை என்ன. ஒட்டுன்னா ஒட்டுதானே. நான் ஒண்ணும் கோச்சுக்கலயே."

உண்மையாகவே அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவரிடம் ஒருவர் ஒரு தவறான முடிவைச் சொல்லியிருக்கிறார். அவர் அதை ரத்தப் பரிசோதனை முடிவுபோல வாங்கி வைத்துக்கொண்டு, அத்தனை வருடம் மற்றவர்களின் காய்ச்சலைக் குறித்துக்கொண்டு வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டார். இன்று தஞ்சாவூரிலிருந்து வந்த இன்னொருவர் அதே முடிவை அவர் கண் முன்னால் மறுபடி சொல்லியிருக்கிறார். சரியான முடிவு என் கையில் இருந்தது. கிடாரும் என் கையில் இருந்தது. இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"சிஸ்டர், இது ஒட்டு இல்லைங்க" என்றேன்.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, வேனுக்குப் போவோமா."

"இருங்க. இதுல நடுவுல சேர்ப்பு இருக்கு, ஆனா அது வேணும்னே செய்யறது. இங்க பாருங்க, இந்தப் பக்கம் கோடு எப்படி இருக்கோ அந்தப் பக்கமும் அப்படியே இருக்கா? ஒரே பலகை, ரெண்டாப் பிளந்து விரிச்சிருக்காங்க. முழு மரம். உங்க அண்ணனோடதுதான் பிளைவுட்."

"என்னது பிளைவுட்டா?" அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "கோயிலே உக்காந்து கேட்டுச்சும்மா இதை."

"நீங்க நல்லா வாசிச்சிருப்பீங்க அங்கிள். நான் அதைச் சொல்லல. மரத்தைச் சொல்றேன்."

"உனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"வாசிக்கத் தெரியாதாம். பேச வந்துட்டா."

"நீங்க பாலத்து மேல கார் ஓட்டுறீங்க. நான் பாலத்துக் கான்கிரீட்டை உடைச்சுப் பாக்குறவ. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பாலம் தாங்குமான்னு நான்தான் சொல்லணும்."

சிஸ்டர் எழுந்து வந்தார். என் கையிலிருந்து கண்ணாடியையும் டார்ச்சையும் வாங்கினார். எப்படிப் பிடிப்பது என்று நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. தொண்டைக்குள் பார்த்துப் பழகிய கை. முதலில் அண்ணனுடையதைப் பார்த்தார். வெளியே சிவப்பு, உள்ளே வெளிறிய ஏதோ மரம். பிறகு தன்னுடையது. வெளியே ஒரு விரலைக் கறுப்புக் கோட்டின் மேல் வைத்துக்கொண்டு உள்ளே அதைத் தேடினார். கண்டுபிடித்துவிட்டார். மறுபடி அண்ணனுடையது. அவசரப்படவே இல்லை. கடைசியில் விளக்கை அணைத்து என்னிடம் கொடுத்தார்.

"அண்ணே, வந்து பாரு."

"எனக்கு எதுக்கு."

"பாரு."

அவர் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

"இது விக்கிறதுக்கு இல்லம்மா. சும்மா குடுக்கறதுக்கும் இல்ல. தப்பா நெனச்சுக்காத."

"நினைக்கல" என்றேன். நினைத்தேன். ஒரு நிமிடம் என் கை அதன் கழுத்தை விடவில்லை. பிறகு கொடுத்தேன்.

அவர் அதை வாசிக்கவில்லை. கம்பியெல்லாம் துருப்பிடித்துத் தொங்கியது. தட்டுகள் இருந்த பெட்டிக்குப் பக்கத்தில், தான் எடுத்துப் போகிற சாமான்களோடு நிறுத்தி வைத்தார். அவ்வளவுதான்.

கடைக்காரர் பளபளப்பை வாங்கிக்கொண்டார். நான் அவ்வளவு சொன்ன பிறகும். வேன் மயிலாடுதுறை தாண்டியது. பிறகு ஆரம்பித்தார்.

"கையில வந்ததை விட்டுட்டியே."

"ஆமா."

"ஏன்?"

"அவங்களோடது."

"வேணாம்னுதான சொன்னுச்சு அந்தம்மா."

"ஒட்டுன்னு நெனச்சு வேணாம்னாங்க. ஒட்டு இல்லைன்னு தெரிஞ்சும் வேணாம்னு சொல்லியிருந்தா எடுத்துட்டு வந்திருப்பேன்."

"விக்கிற வீட்டுல வாய் தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல."

"சொல்லியிருக்கீங்க."

"இத்தனை வருசம் நான் தொட்ட மரத்துக்கு நீ கண்ணாடி வச்சுப் பாக்குறே."

"நீங்களும் வச்சுப் பாருங்க சார். இந்தாங்க."

கண்ணாடியை அவர் பக்கம் நீட்டினேன். வாங்கவில்லை. கும்பகோணத்தில் டீ குடித்தோம். காசு கொடுக்க என்னை விடவில்லை, அது அவர் வழக்கம். தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும்போது, "இனிமே நீ பஸ்ஸுல போயிக்கம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. முடிவாகச் சொன்னார்.

வீட்டில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "வெறுங்கையோடயா வந்தே?" விஷயத்தைச் சொன்னேன். "அந்தம்மாகிட்டே அப்புறமா போன்ல சொல்லியிருக்கக் கூடாதா, எடுத்துட்டு வந்த பிறகு?" என்றாள். அம்மா கெட்டிக்காரி. அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "ஈரம் இல்லாத நெல்லை ஈரம்னு எழுதித் திருப்பி அனுப்புனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

கொஞ்ச நாள் கழித்து சிஸ்டர் போன் செய்தார். பிளந்த வாயை என்ன செய்வது என்று கேட்டார். எந்த ஆசாரியிடமும் கொடுக்காதீர்கள், ஆணி அடித்துவிடுவார்கள் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனேன். மழைக்குப் பிறகு காற்றில் ஈரம் ஏறி இடைவெளி தானாகவே பாதி மூடியிருந்தது. பசை விட்டு, உள்பக்கம் குறுக்காகச் சின்னச் சின்ன மரத்துண்டுகளை வைத்து ஒட்டி, இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன். அவர் நெத்திலி வறுத்துச் சோறு போட்டார். சாப்பிடும்போது தெருவாசி ஒருத்தி எட்டிப் பார்த்து, "என்ன சிஸ்டர், ஒட்டுப் போடுறீங்களா?" என்று கேட்டாள். "இது அப்பவே போட்ட ஒட்டு. அப்படித்தான் போடணும்" என்றார் சிஸ்டர், நெத்திலியைப் பரிமாறிக்கொண்டே.

இப்போதைய நிலவரம்: என்னிடம் கிடார்கள் ஆறு. தரங்கம்பாடிக் கிடார் அதில் இல்லை. கடைக்காரர் என்னை எங்கும் கூட்டிப் போவதில்லை. பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்கிறோம். வீடுகளுக்கு பஸ்ஸில் தனியாகப் போகிறேன். குறைவாகக் கிடைக்கிறது. விற்கிறவர்களிடம் மரம் எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகுதான் விலை பேசுகிறேன். சிஸ்டர் புதுக் கம்பி போட்டுவிட்டார். வாசிக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்பவர்களைப் பற்றி மேலேயே எழுதியிருக்கிறேன். பளபளப்புக் கிடார் கடைவீதியில் "ஒரே மரம்" என்ற அட்டையோடு தொங்குகிறது. அதை வாங்கலாமா என்று இரண்டு பேர் என்னைக் கேட்டார்கள். பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் அது பிளைவுட் என்று சொன்னேன். இன்னும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.